பதினஞ்சாந் தேதி மகாத்மியம்

கண்ணு, நீ அனுப்புன சேதியைப் பேத்தி எனக்குப் படிச்சுக் காட்டுனா. ‘நீலகிரியின் அதிசய எண் 15!’ அப்படின்னு தலைப்பு. முன்னால மூணு நெருப்புப் படம், பின்னால ரெண்டு கும்பிடு. கடைசியில, ‘பத்துப் பேருக்கு அனுப்பவும்’னு உத்தரவு வேற. உத்தரவு போடற வயசாயிருச்சா உனக்கு? சந்தோசம்.

சேதி என்னமோ ருசியாத்தான் இருக்கு. இந்த மலைக்கு மொத பங்களா கட்டுன சல்லிவன் தொரை பொறந்தது 1788 ஜூன் 15. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு ரயில் விட்டது 1899 ஜூன் 15. அந்த ரயில் ஃபெர்ன்ஹில் வரைக்கும் நீண்டது 1908 செப்டம்பர் 15. ஊட்டியைப் போய்த் தொட்டது அதே வருஷம் அக்டோபர் 15. படுகர் தினம் மே 15. அப்துல் கலாம் பொறந்தது 1931 அக்டோபர் 15. சென்னைக்காரங்க ஐ.பி.எல். கோப்பை வாங்குனது 2021 அக்டோபர் 15. ‘இதன் பின்னணியில் உள்ள மர்மம் என்ன?’ன்னு கேட்டு நிறுத்தியிருக்கே.

மர்மமா? உக்காரு, சொல்றேன். டீ வருது.

மொதல்ல ஒண்ணு கேக்கறேன். சல்லிவன் கோயமுத்தூர்ல கலெக்டரா இருந்தப்ப இந்த மலைக்குக் கெளம்புனது 1819 ஜனவரி 2. அது ஏன் உன்ற சேதியில இல்ல? அவரு செத்தது 1855 ஜனவரி 16. அதையும் காணோம். ஊட்டி செயின்ட் ஸ்டீபன் சர்ச்சுக்குக் கல்லு வச்சது 1829 ஏப்ரல் 23, கதவு தொறந்தது 1831 ஏப்ரல் 3. அதுக்கெல்லாம் முன்னால, 1603லயே ஒரு பாதிரியார் மலையேறி வந்து தோடருங்களைப் பார்த்து எழுதி வச்சுட்டுப் போனாரே, அவரு எங்க? பதினஞ்சு இல்லாத தேதியெல்லாம் வாசலுக்கு வெளிய நிக்கோணும் போல.

எடை போடற எடத்துல சில பேரு பண்ற வேலை இது கண்ணு. ரெண்டு இலையும் ஒரு மொட்டுமா இருக்கற கொழுந்தைக் கூடைக்கு மேலாப்புல பரப்பி, முத்துன இலையை அடியில அமுக்கி வப்பாங்க. கணக்கப்பிள்ளை மேலோட்டமாப் பார்த்தா ‘அடடா, என்ன கொழுந்து!’ம்பார். உசாரான கணக்கப்பிள்ளையா இருந்தா கையை அடிவரைக்கும் விடுவார். உன்ற சேதியில கையை விட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான்.

வருஷத்துக்குப் பன்னெண்டு பதினஞ்சாந் தேதி வருது. முன்னூறு நானூறு வருஷத்துச் சங்கதியில, உனக்குத் தோதா ஏழெட்டு மாட்டலைன்னாத்தான் அதிசயம்.

சரி, 1899 ஜூன் 15க்கு வருவோம். சல்லிவன் பொறந்தநாள்னு பார்த்தா ரயில் விட்டாங்க? மனுசன் செத்து அப்பவே 44 வருஷம். அவருக்கு மலையை விட்டுப் போகற வரைக்கும் மெட்ராஸ்ல நெறையப் பகை. அவரு பொறந்த தேதியை எந்த ரயில்வே குமாஸ்தா நோட்டுல குறிச்சு வச்சிருப்பான்? மாசம் பொறந்து பாதி போன நாளு, கணக்கெழுத வசதின்னு ஒரு ஆபீசு வச்ச தேதியா இருக்கும்னு நான் நெனக்கறேன். மூணு தடவை பதினஞ்சுலயே ரயில் விட்டிருக்காங்கன்னா அது ஆபீசுப் பழக்கம். அதுல மர்மம் எங்க இருந்து வந்துச்சு?

மர்மம் வேணும்னா அந்தத் தேதிக்கு முன்னால போயிப் பாரு. மலைக்கு ரயில் போடலாம்னு மொதல்ல பேச்சு எடுத்தது 1854. மண்ணை வெட்டி வேலையை ஆரம்பிச்சது 1891. மெட்ராஸ் கவர்னர் வென்லாக் வந்து வெட்டுனாரு. பேச்சுக்கும் மண்வெட்டிக்கும் நடுவுல 37 வருஷம்! நம்ம ஊரு சாக்கடைத் திட்டத்தைக் குத்தம் சொல்றியே, பாரு. வெட்டுன கம்பெனியாவது தேறுச்சா? 1894ல மஞ்சக் கடுதாசி. பொறவு புதுக் கம்பெனி வந்து, குன்னூர் வரைக்கும் எப்படியோ ஏத்துனாங்க. அங்க போயி ரயில் நின்னுருச்சு. எத்தனை நாளு? ஒம்பது வருஷம். ஊட்டிக்குப் போற தொரை குன்னூர்ல எறங்கி, குதிரை வண்டி ஏறி, குளிர்ல பல்லு தந்தியடிக்கப் போயிட்டிருந்தாரு. கடைசியில 1908ல ஊட்டி. கூட்டிப் பார்த்தா மொத்தம் 54 வருஷம்.

ஒரு நாளைக்கு மாலை. 54 வருஷத்துக்கு? ஒரு ஊதுபத்தி கூட இல்ல.

அக்டோபர் 15ன்னா ஊட்டி டேசன்ல ரயிலுக்குப் பூவும், எறங்கறவங்களுக்கு இனிப்பும் குடுக்கறாங்க. நல்ல காரியம், நான் குத்தம் சொல்லல. நானும் ஒரு வருஷம் வரிசையில நின்னு லட்டு வாங்குனவன்தான். ஆனா நீ அங்க என்ன பண்ணுனே? எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உன்ற மூஞ்சியைப் படம் புடிச்சே. ஊட்டிக்கு இழுத்துக்கிட்டு வந்தது டீசல் எஞ்சின். கரி தின்ன வம்சத்து எஞ்சின் குன்னூர்லயே நின்னுக்கிச்சு. அது தெரியாம ‘நீராவியின் பெருமை’ன்னு கீழ எழுதியிருந்தே. பேத்தி காட்டுனா.

பெருமை எங்க இருக்குன்னு தெரியோணும்னா காலையில மேட்டுப்பாளையத்துல ஏறு. கல்லாறு தாண்டுனதும் தலையை வெளிய நீட்டாம, தண்டவாளத்துக்கு நடுவுல பாரு. பல்லு பல்லா ரெண்டு இரும்புப் பட்டை ஓடும். எஞ்சினோட அடிவயித்துல பல் சக்கரம். பல்லைப் பல்லு கடிச்சுக்கிட்டுத்தான் மேல ஏறும். சுவிட்சர்லாந்துல ஆப்ட்டுன்னு ஒருத்தர் கண்டுபுடிச்ச முறை. பன்னெண்டு அடி முன்னால போனா ஒரு அடி மேல. எஞ்சின் முன்னால இழுக்காது, பின்னால நின்னு முட்டும். பொட்டிக்குப் பொட்டி ஒரு பிரேக்மேன். கொடியை ஒரு கையில வச்சுக்கிட்டு, பிரேக்கைச் சுத்தறதுக்கு இன்னொரு கையை வச்சுக்கிட்டு, வெயிலோ பனியோ வெளித் திண்ணையில நிக்கறார் பாரு, அவரு கண்ணு சிமிட்டாது. 326 மீட்டர் ஒசரத்துல இருந்து 2203 மீட்டருக்கு, 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஒவ்வொரு குகைக்கும் பாறையைக் கொடைஞ்சவன் ஒருத்தன் இருந்தான். அவன் பொறந்த தேதி என்ன? எவனும் எழுதல. அவனுக்கே தெரியாது.

தெரியாதுன்னா உனக்குச் சிரிப்பா இருக்கும். எங்க காலத்துல லைன் வீட்டுல யாருக்குத் தெரியும்? என்னை ஒண்ணாப்புல சேர்க்க ஆத்தா கூட்டிட்டுப் போச்சு. வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொன்னாரு ஹெட்மாஸ்டர். தொட்டேன். அஞ்சு வயசு முடிஞ்சுதுன்னு எழுதிக்கிட்டாரு. ‘பொறந்த தேதி?’ன்னாரு. ஆத்தா யோசிச்சு, ‘தையிலங்க. உறைபனி விழுந்து கொழுந்தெல்லாம் கருகிக் கெடந்துச்சே, அந்த வாரம். செவ்வாக்கெழமை’ன்னுச்சு. எவ்வளவு கச்சிதம் பாரு! மாசம், கெழமை, அன்னைக்கு வானம் எப்படி, தோட்டம் எப்படி, அத்தனையும் இருக்கு. அவருக்கு அது ஆகல. ஜூன் 1ன்னு எழுதிட்டாரு. பள்ளிக்கூடம் தொறக்கற நாளு, கணக்குச் சுலுவு. எனக்கு மட்டுமில்ல, அன்னைக்கு வரிசையில நின்ன எல்லாத்துக்கும் ஜூன் 1. பின்னாடி எஸ்டேட்ல ரிட்டயர் ஆகறப்ப ஒரே நாள்ல வரிசையா வெளிய வந்தோம். ஒரே மாலை. ஒரு கழுத்துல இருந்து எடுத்து அடுத்த கழுத்துல போட்டாங்க. எங்க கூட்டத்தை நீ பார்த்திருந்தா ‘ஜூன் 1 அதிசயம்’னு பத்துப் பேருக்கு அனுப்பியிருப்பே.

லைன் வீட்டுக்காரனுக்குத்தான் இப்படின்னு நெனச்சுக்காதே. செயின்ட் ஸ்டீபன் சர்ச்சுக்குக் கல்லு வச்ச தேதி சொன்னேனே, 1829 ஏப்ரல் 23, அது என்ன நாளு தெரியுமா? இங்கிலாந்து ராசா நாலாம் ஜார்ஜோட பொறந்தநாள் கொண்டாட்டம். அதுக்குன்னே அந்தத் தேதியில வச்சாங்க. ஆனா ராசா அவங்காத்தா வயித்துல இருந்து வெளிய வந்தது 1762 ஆகஸ்ட் 12! ஏப்ரல் 23 புனித ஜார்ஜ் திருநாள். பேருப் பொருத்தம் பார்த்து, கொண்டாட்டத்தை அங்க நகத்தி வச்சுக்கிட்டாங்க. லண்டன் அரமனையிலயும் ஒரு ஹெட்மாஸ்டர் இருந்திருக்காரு, பாரு. கல்லு வச்ச கவர்னர் பேரு ஸ்டீபன் லஷிங்டன். சர்ச்சுக்கும் ஸ்டீபன்னு பேரு. அது எந்த ஸ்டீபன்னு நான் வாயைத் தொறக்கல, எனக்கெதுக்கு ஊரு வம்பு? கூரைக்கு மரம் எங்க இருந்து வந்துச்சுன்னா, சீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானோட அரமனையைப் பிரிச்சு, யானையை வச்சு மலைக்கு இழுத்துக்கிட்டு வந்தாங்க. அந்த யானைங்க எந்தத் தேதியில வந்து சேர்ந்துச்சுன்னு எவனாவது கேக்கறானா?

அந்தச் சர்ச்சு தொறந்த 1831 ஏப்ரல் 3 இருக்கே, அதே ஏப்ரல் 3ல, 1914ல, மானெக்‌ஷா பொறந்தாரு. வங்கதேசப் போரை ஜெயிச்ச தளபதி, வயசான காலத்துல நம்ம குன்னூர்ல குடியிருந்தவரு. வெலிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில 2008ல கண்ணை மூடுனாரு, ஊட்டியில பார்சிக்காரங்க மயானத்துல இருக்காரு. சர்ச்சும் மானெக்‌ஷாவும் ஒரே தேதி! இதை நான் உன்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாது. நாளைக்கு அனுப்பிருவே.

பொறந்தநாள் ஒத்துப்போறதுக்குக் கணக்கு வாத்தியாருங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. ஒரு ரூம்புல 23 பேரை அடைச்சா, அதுல ரெண்டு பேருக்காவது ஒரே பொறந்தநாள் இருக்கறதுக்குப் பாதிக்கு மேல வாய்ப்பு. நம்ப மாட்டே. நானும் எங்க மேஸ்திரி மகன் சொன்னப்ப சிரிச்சேன், பையன் கணக்குப் படிச்சவன். அவன் கேட்டான்: ‘23 பேருல எத்தனை ஜோடி சேர்க்கலாம் தாத்தா?’ 253 ஜோடி. அத்தனை ஜோடியில ஒண்ணு கூடவா ஒட்டாது? 57 பேருன்னா நூத்துக்கு 99. குன்னூர்ல இருந்து ஊட்டிக்குச் சாயங்காலம் பஸ் ஏறிப் பாரு. மூச்சு விட எடமில்லாம நெரிச்சுக்கிட்டு நிக்கறாங்களே, அதுல ஒரு ஜோடி அதிசயம் கட்டாயம் உண்டு. அவங்க ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சுக்கிட்டு எறங்கிப் போயிருவாங்க.

இப்ப அக்டோபர் 15. இதுலதான் நீ ரொம்ப ஆடிட்டே. ‘கலாம் ஐயா பிறந்தநாளில், விஜயதசமி நாளில், சென்னை வென்றது தெய்வ சங்கல்பம்’. அட, கொல்கத்தாக்காரனும் அதே நாள்லதானே ஆடுனான்? அவன் வீட்டுக் காலண்டர்ல அன்னைக்கு வேற தேதியா? அங்க விஜயதசமி நம்மளை விடப் பெருசு கண்ணு, துர்க்கையம்மா பூசை. சென்னை 192 எடுத்துச்சு, டு பிளெசிஸ் ஒருத்தரே 86. கொல்கத்தா 165ல நின்னுச்சு. 27 ரன் வித்தியாசம். துபாய் வெக்கையில அந்த மனுசன் கடைசிப் பந்து வரைக்கும் நின்னு அடிச்சதை விட்டுட்டு, சங்கல்பத்துக்குக் கப்பைக் குடுத்துட்டியே.

கலாம் ஐயா மேல எனக்கும் மரியாதை உண்டு. ராமேஸ்வரத்துல பேப்பர் போட்ட பையன் ராஷ்டிரபதி ஆனாரு. தமிழ்நாடு சர்க்கார் அவரு பொறந்தநாளை இளைஞர் எழுச்சி நாள்னு வச்சிருக்கு, அது நெசம். ஆனா வருஷா வருஷம் ‘உலக மாணவர் தினம், ஐ.நா. அறிவிப்பு’ன்னு அனுப்பறியே, ஐ.நா. பட்டியலைத் தொறந்து பார்த்தியா? பேத்தியைத் தேடச் சொன்னேன். அக்டோபர் 15க்கு நேரா ஊரகப் பெண்கள் நாள்தான் இருக்கு, 2008ல இருந்து. மாணவர் தினத்தைக் காணோம். அவரு பெருமைக்கு ஐ.நா. முத்திரை எதுக்குக் கண்ணு? இல்லாத முத்திரையைக் குத்துனா அவருக்கே புடிக்காது, கணக்குச் சுத்தம் பார்க்கற மனுசன்.

அன்னைக்கே உலகக் கைகழுவும் நாளும் வருதாம். எங்காத்தா தினமும் மூணு வேளை கொண்டாடுச்சு, அகப்பையோட நின்னு. ஊரகப் பெண்கள் நாளும் தெரியும். புரட்டாசி கடைசி, மழை புடிச்சுக்கற நேரம். இடுப்புல பிளாஸ்டிக் சீட்டைச் சுத்திக்கிட்டு, அட்டைப்பூச்சி ஏறாம இருக்கக் காலுல உப்பைத் தேய்ச்சுக்கிட்டு, முதுகுல கூடையோட சரிவுல நிக்கறாங்களே, அவங்க நாளுதான் அது. யாரும் போயி அவங்ககிட்டச் சொல்லல. சொன்னா, ‘அப்ப இன்னைக்கு லீவா?’ன்னு கேப்பாங்க. பதில் வச்சிருக்கியா?

இன்னும் ஒண்ணு கேளு. இந்த அக்டோபர் 15க்கே ஒரு கூத்து இருக்கு. 1582ல போப்பு பதிமூணாம் கிரிகோரி, காலண்டர் சூரியனை விட்டு வெலகிப் போச்சுன்னு, பத்து நாளை வெட்டி எறிஞ்சாரு. அக்டோபர் 4 வியாழக்கெழமை ராத்திரி படுத்தவன், விடிஞ்சு எந்திரிச்சா அக்டோபர் 15 வெள்ளிக்கெழமை! கெழமை மட்டும் ஒழுங்கா வந்துச்சு, தேதி தாவிருச்சு. ஸ்பெயின் தேசத்துல அவிலா தெரேசம்மான்னு ஒரு புனிதை அந்த ராத்திரிதான் செத்தாங்க. நாலாந் தேதியும் பதினஞ்சாந் தேதியும் ஒட்டிக்கிட்டு இருந்த ராத்திரி. அவங்க திருநாளை இப்பவும் அக்டோபர் 15லதான் கொண்டாடறாங்க. நான் கேக்கறது வேற. அந்த மாசம் தோட்டத்துல வேலை பார்த்தவனுக்குப் பத்து நாள் கூலி என்னாச்சு? வீட்டுக்காரன் வாடகையை முழு மாசத்துக்குக் கேட்டானா, இருபத்தோரு நாளுக்குக் கேட்டானா? ஒம்பதாந் தேதி பொறந்தநாள் வர்ற பையன் அந்த வருஷம் யாருகிட்டப் போயி அழுதான்?

இங்கிலாந்துக்காரன், போப்பு சொன்னா நாங்க கேக்கோணுமான்னு வீறாப்பா இருந்து, 1752லதான் மாத்துனான். அதுக்குள்ள பதினோரு நாள் ஆயிருச்சு. சல்லிவன் அதுக்கப்புறம் பொறந்ததுனால தப்பிச்சாரு. அக்பர் தப்பிக்கல. 1542 அக்டோபர் 15ல பொறந்தாருன்னு போடறாங்களே, அது பழைய கணக்கு. இப்பக் கணக்குல 25 ஆகும். உன்ற பட்டியல்ல அவரைச் சேர்த்திருந்தா இப்பவே எடுத்துரு. எங்க யூனியன்காரங்க வருஷா வருஷம் நவம்பர் 7ல கொடியேத்தி அக்டோபர் புரட்சியைப் பத்திப் பேசுவாங்க. சின்னப் பையனா இருந்தப்ப, ஏன் ஒரு மாசம் தாமதமாக் கொண்டாடறாங்கன்னு நெனப்பேன். ரஷ்யாவுல அப்ப பழைய காலண்டர், அதான் சங்கதி.

தற்செயல் வேற, ஏற்பாடு வேற. அண்ணா பொறந்தது 1909 செப்டம்பர் 15. ஃபெர்ன்ஹில்லுக்கு ரயில் வந்து சரியா ஒரு வருஷம். அது தற்செயல், காஞ்சிபுரத்துல பொறந்த கொழந்தைக்கு ஃபெர்ன்ஹில் எங்க தெரியும்? ஆனா பள்ளிக்கூடத்துல காலைச் சோறு 2022 செப்டம்பர் 15ல ஆரம்பிச்சதும், பொம்பளைங்களுக்கு ஆயிரம் ரூபா உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15ல ஆரம்பிச்சதும், அண்ணா பொறந்தநாள்னு பார்த்து வச்சது. ஆகஸ்ட் 15ஐ மவுண்ட்பேட்டன் புடிச்சதும் அப்படித்தான், ஜப்பான்காரன் 1945ல கை தூக்குன நாளுன்னு. பெரிய எடத்துல தேதி வந்து விழறது கம்மி, தூக்கி வக்கறதுதான் ஜாஸ்தி. என்ற மருமகளைக் கூப்பிட்டு, ‘பதினஞ்சாந் தேதியோட மகிமை என்னம்மா?’ன்னு கேளு. போனை எடுத்துப் பேங்கு மெசேஜைக் காட்டும்.

உனக்கு எப்படியும் ஒரு நாளைக் கொண்டாடியே ஆகோணும்னு கை துறுதுறுங்குதுன்னா, ஃபெர்ன்ஹில்லை எடுத்துக்க. குன்னூருக்கு ஆளிருக்கு, ஊட்டிக்கு ஆளிருக்கு. நடுவுல ஒரு மாசம் ரயில் வந்து நின்னுட்டுப் போன ஃபெர்ன்ஹில்லுக்காக எவனும் ஒரு பொட்டு இனிப்புக் குடுத்து நான் பார்த்ததில்ல. செப்டம்பர் 15 காலையில போ. அண்ணா பொறந்தநாளு, பணம் ஏறுற நாளு, பேக்கரியில கூட்டம் நெரிக்கும், முந்தின நாளே சொல்லி வச்சுரு. கேக்கு வேண்டாம், எனக்குச் சக்கரை இருக்கு. வர்க்கி கால் கிலோ வாங்கு. டீ நான் போடறேன்.